யூனோஸ் ரோட்ஸ்டர் 1991: சீட்டுக்குப் பின்னால ஈரம், கிளட்ச் மக்கர், டிக் டிக் சத்தம். எதுல ஆரம்பிக்கறது?

புது_ரோட்ஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். லெஸ்டர் பக்கம் இருக்கேன், சொந்த ஊர் திருச்சி. ரொம்ப வருஷத்து ஆசை, ஒருவழியா 1991 யூனோஸ் ரோட்ஸ்டர் (மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு ஜப்பான்ல வச்ச பேர்) ஒண்ணு வாங்கிட்டேன். ஜப்பான் இறக்குமதி, 1.6, அஞ்சு கியர் மேனுவல். பார்க்கப் போனப்ப நல்ல வெயில், எல்லாம் அம்சமா இருந்துச்சு. மழை ஆரம்பிச்சதும் ஒவ்வொண்ணா தலையைக் காட்டுது.

சீட்டுக்குப் பின்னால கார்ப்பெட் சொதசொதன்னு இருக்கு. பிரேக் அடிச்சா எங்கேயோ தண்ணி குலுங்கற சத்தம் கேக்குது. காலையில முதல் கியர் விழமாட்டேங்குது, கிளட்சை நாலு தடவை மிதிச்சு மிதிச்சு விட்டாத்தான் விழுது. எஞ்சின் சூடாகறவரைக்கும் மேலேருந்து டிக் டிக்னு தட்டுது. இடது ஹெட்லைட் பாதி எழும்பி அப்படியே நின்னுடுது, வண்டி கண்ணடிக்கற மாதிரி இருக்கு.

கையில எழுநூறு பவுண்டு ஒதுக்கி வச்சிருக்கேன். காயில்ஓவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த, உயரம் மாத்தக்கூடிய சஸ்பென்ஷன்) போட்டு வண்டியைக் கொஞ்சம் இறக்கலாம்னும் யோசனை. முதல்ல எதைத் தொடறது?

டர்போ_தம்பி

வாழ்த்துகள் நண்பா! கண்ணை மூடிட்டு காயில்ஓவர் போடுங்க, வண்டியே வேற மாதிரி ஆயிடும். டிக் டிக் சத்தம் எல்லா என்ஏ (முதல் தலைமுறை) வண்டியிலயும் இருக்கும், கண்டுக்காதீங்க. ஈரத்துக்குக் கூரையை மாத்திடுங்க.

பழைய_ஸ்பானர்

தம்பி, காயில்ஓவரை இப்ப மறந்துவிடுங்கோ. நீங்கள் எழுதின அஞ்சிலயும் வண்டியைக் கொல்லக்கூடியது ஒண்டுதான். அது அந்தத் தண்ணி. மிச்சத்துக்கு எல்லாம் சாமான் வாங்கிப் பூட்டினால் காரியம் முடிஞ்சுது.

கூரையையும் உடன மாத்தாதேங்கோ. துணிக்கூரையின்ர பின்பக்க அடியில, வண்டியின்ர முழு அகலத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஓடுது, ரெயின் ரெயில் எண்டு சொல்லுவினம். கூரையில விழுற மழை அதால வழிஞ்சு ரெண்டு மூலைக்கும் போகும். சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஓட்டை இருக்கு. அதில இருந்து ஒரு குழாய் இறங்கி, பின் டயருக்குக் கொஞ்சம் முன்னால வண்டிக்கு அடியில தண்ணியை விடும். முப்பது வருசத்து இலையும் மண்ணும் பாசியும் சேர்ந்து அந்தக் குழாயை அடைச்சால், தண்ணி நிரம்பி உள்ளுக்கு வரும். கார்ப்பெட் நனையுறது உங்கட கண்ணுக்குத் தெரியிற பங்கு. கண்ணுக்குத் தெரியாத பங்கு கதவுக்குக் கீழ இருக்கிற சைட் சில்லுக்குள்ள இறங்குது. பிரேக் பிடிக்கேக்க குலுங்குது எண்டு சொன்னீங்களே, அது அதுதான்.

சில்லுக்குள்ள தண்ணி நிண்டால் உள்ள இருந்து துரு பிடிக்கும். வெளிப்பெயின்ற் வடிவாத்தான் இருக்கும். பின் டயருக்கு முன்னால ஒரு சின்னக் கொப்புளம் வரும்போது உள்தகடு ஏற்கெனவே போயிருக்கும். எம்ஓடி எண்டுற வருசாந்த வண்டிச் சோதனையில பெயில் ஆகி, வெட்டி வெல்டிங் செய்யிறதுக்கு உங்கட எழுநூறு காணாது. ஒரு பக்கத்துக்கே காணாமல் போகலாம்.

நாளைக்கே ஒரு கோப்பை தண்ணியை அந்த ஓட்டைக்குள்ள மெதுவா ஊத்திப் பாருங்கோ. ஊத்தின உடன கீழ கொட்டவேணும். தேங்கி நிண்டால் அடைப்பு.

நாலாம்_கியர்

ஸ்பானர் அண்ணா சொன்னதோட இன்னும் ஒண்ணு சேர்த்துக்கறேன். குத்தி எடுக்கறதுக்குக் கம்பியை எடுத்துடாதீங்க. குழாயோட கீழ்முனை குறுகலா இருக்கும், ரப்பர் வேற. முரட்டுத்தனமா குத்தினா குழாய் அதோட இடத்தை விட்டுக் கழண்டுடும், இல்லேன்னா ஓட்டை விழும். அப்புறம் நீங்க சுத்தம் பண்ணப் பண்ண தண்ணி நேரா பாடிக்குள்ளயே போகும். பிளாஸ்டிக் உறை போட்ட கர்ட்டன் ஸ்பிரிங், பழைய சைக்கிள் பிரேக் கேபிளோட வெளி உறை, நீள கேபிள் டை, இதுல எதுவா இருந்தாலும் சரி. மேலேருந்து மெதுவா சுத்திச் சுத்தி இறக்கணும். நடுநடுவுல வெந்நீர் ஊத்துங்க. காம்பிரஸ்டு ஏர் வேண்டவே வேண்டாம்.

வேலை முடிஞ்சதும் சைட் சில்லோட அடியில விளிம்புல இருக்கற சின்ன ஓட்டைகளையும் ஒரு பல்குத்தியால திறந்து விடுங்க. துரு வராம இருக்க அடியில அண்டர்சீல் பூச்சு அடிச்சவங்க அதையெல்லாம் பூசி மூடியிருப்பாங்க. உள்ள நிக்கற தண்ணி வெளிய வர வேற வழி இல்ல.

நான் ஹௌன்ஸ்லோ. 2023 ஆகஸ்ட்ல யூலெஸ் (புகை அதிகம் விடற பழைய வண்டிக்கு நாள் கட்டணம்) லண்டன் முழுக்க வந்ததுலேருந்து என் வண்டியை வீட்டு வாசல்லேருந்து எடுத்தாலே ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. அதனால அது இப்ப மாமா வீட்ல ஹை விக்கம்ல நிக்குது. நிக்கற வண்டிக்குத்தான் இந்த வடிகுழாய் வேலை இன்னும் முக்கியம். மரத்தடியில நிறுத்தினா கேக்கவே வேண்டாம்.

பனிச்சாலை

அபர்டீன்ல இருந்து எழுதறேன். இங்க நவம்பர்ல இருந்து ரோடு முழுக்க உப்பு, அதனால இந்த விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

ஈரம் எங்கேருந்து வருதுன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி டிக்கியையும் பாருங்க தம்பி. இந்த வண்டியில பேட்டரி டிக்கிக்குள்ள வலது மூலையில இருக்கு. ஃபேக்டரியில வச்சது ஆசிட் சிந்தாத சின்ன ஏஜிஎம் பேட்டரி, அதோட வாயு வெளிய போக மெல்லிசா ரப்பர் குழாய் உண்டு. முன்னாடி வச்சிருந்தவங்க யாராவது மலிவா கிடைச்ச சாதாரண ஈய ஆசிட் பேட்டரியைப் போட்டு, குழாயும் மாட்டாம விட்டிருந்தா, ஆசிட் ஆவியிலயே அந்த மூலைத் தகடு பொரிஞ்சு போயிருக்கும். பேட்டரியைத் தூக்கிப் பாருங்க. டிக்கியிலயும் ஈரம் இருந்தா பின் லைட்டோட கேஸ்கெட், மூணாவது பிரேக் லைட்டோட கேஸ்கெட், ரெண்டையும் சந்தேகப்படுங்க. தடிச்ச ஃபோம் ஒட்டினாலே நின்னுடும்.

தண்ணியை வெளியேத்தி, உள்ள நல்லாக் காய விட்டு, அப்புறம் சில்லுக்குள்ள நீளக் குழாய் வச்சு துருத்தடுப்பு மெழுகு அடிங்க. ஈரத்து மேல மெழுகு அடிச்சா ஈரத்தைப் பூட்டி வச்ச மாதிரி ஆயிடும். கோடையில பண்ணுங்க.

டர்போ தம்பி, கூரை மாத்தினா ஈரம் போகாது. புதுக் கூரையிலேருந்தும் தண்ணி அதே அடைச்ச குழாய்க்குத்தான் போகும்.

டர்போ_தம்பி

சரி அக்கா, அதை ஒத்துக்கறேன். காயில்ஓவர் விஷயத்துல இன்னும் என் கட்சிதான்.

புது_ரோட்ஸ்டர்

எல்லாருக்கும் நன்றி. கோப்பைத் தண்ணி டெஸ்ட் பண்ணினேன். வலது பக்கம் சொட்டுச் சொட்டா இறங்குது. இடது பக்கம் அப்படியே குளம். அதுக்கு இந்த வாரக் கடைசியில கர்ட்டன் ஸ்பிரிங். பேட்டரி நல்லவேளையா ஏஜிஎம்தான், ஆனா ஒரு குழாயைக் காணோம். ஆர்டர் போட்டுட்டேன்.

கிளட்ச் பத்தி யாராவது சொல்லுங்க. பக்கத்துல இருக்கற ஒரு கராஜ்ல கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட்டே மாத்தணும்னு சொல்றாங்க.

பழைய_ஸ்பானர்

கியர்பாக்ஸை இறக்க விடாதேங்கோ! மிதிச்சு மிதிச்சு விட்டால் கியர் விழுது எண்டால் பிளேட் இல்லை, ஹைட்ராலிக். பிளேட் தேஞ்சால் வேற மாதிரித் தெரியும்: நாலாவது கியரில மேடு ஏறேக்க ஆக்சிலேட்டரை அமத்தினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது.

உங்களுக்கு ஸ்லேவ் சிலிண்டர், அதாவது திரவ அழுத்தத்தால கிளட்சைத் தள்ளுற பாகம், போயிட்டுது. கியர்பாக்ஸின்ர வலப்பக்கத்தில, வெளியிலதான் பூட்டியிருக்கு. அதின்ர ரப்பர் உறையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பாருங்கோ. உள்ள ஈரமோ கறுப்புத் திரவமோ இருந்தால் சீல் போச்சு. போனட்டுக்குள்ள கிளட்சுக்கெண்டு தனியாச் சின்னத் திரவப் போத்தல் இருக்கு, பிரேக் போத்தலோட குழப்பாதேங்கோ. அது குறைஞ்சிருக்கோ, கறுத்திருக்கோ எண்டும் பாருங்கோ.

ரெண்டு போல்ட், ஒரு குழாய். சாமானும் மலிவு. இந்த வண்டியில ஸ்லேவ் போறது டயர் தேயிற மாதிரி வழமையான விசயம்.

நாலாம்_கியர்

இதுல அண்ணாவோட ஒரு சின்ன வாதம். ஸ்லேவை மட்டும் மாத்தாதீங்க, பெடல் பக்கம் அழுத்தம் கொடுக்கற மாஸ்டர் சிலிண்டரையும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் ஹோஸையும் சேர்த்தே மாத்திடுங்க. புது ஸ்லேவ் முழு அழுத்தத்தையும் தாங்க ஆரம்பிச்சதும், பழைய மாஸ்டரோட சீல் அடுத்ததா போகும். அப்புறம் மறுபடியும் திரவத்தை வடிச்சு, மறுபடியும் காத்து எடுக்கணும். மாஸ்டர் கசிஞ்சா பெடல் கம்பி வழியா இறங்கி, உங்க கால்மாட்டுல பெயின்டை உரிச்சுடும்.

பழைய_ஸ்பானர்

மாஸ்டர் கசியாமல் இருந்தால் ஏன் காசைச் செலவழிப்பான்? எனக்கு ஸ்லேவ் மாத்தின பிறகும் பழைய மாஸ்டர் கனகாலம் ஓடினது. ஆனா ஹோஸ் விசயத்தில நீங்கள் சொல்லுறது சரி. பழைய ரப்பர் உள்ள ஊதிப்போய், மிதி பஞ்சு மாதிரி இருக்கும்.

நாலாம்_கியர்

சரி, பட்ஜெட்டைப் பார்த்து முடிவு பண்ணட்டும். எதுவா இருந்தாலும் திரவத்தைப் பெயின்ட் மேல சிந்தவிட்டு அப்படியே விட்டுடாதீங்க, அதைச் சாப்பிட்டுடும். தண்ணி ஊத்திக் கழுவிடுங்க.

புது_ரோட்ஸ்டர்

உறையை இழுத்தேன், கறுப்புத் தண்ணி என் முழங்கை வரைக்கும் ஓடிச்சு. ஸ்லேவ், ஹோஸ் ரெண்டும் ஆர்டர். மாஸ்டர் காஞ்சுதான் இருக்கு, இப்போதைக்கு ஸ்பானர் அண்ணா கட்சி.

வாரக் கடைசி வடிகுழாய் வேலையும் ஆச்சு. இடது பக்கத்துலேருந்து வந்தது இலைன்னே சொல்ல முடியாது, காபித்தூள் சக்கை மாதிரி கறுப்பா ஒரு கூழ், அதுக்குள்ள ஒரு பைன் மர ஊசி முழுசா. அது வெளிய விழுந்ததும் டப்னு தண்ணி இறங்கிடுச்சு. சில் ஓட்டையைத் திறந்தப்ப பழுப்புத் தண்ணி வந்துது, ரொம்ப நேரம் நிக்கல. பின் டயருக்கு முன்னால அடிப்பக்கத்தைச் சுத்தியலோட கைப்பிடியால தட்டிப் பார்த்தேன், சத்தம் கெட்டியாத்தான் இருக்கு.

அடுத்தது டிக் டிக்.

பனிச்சாலை

தட்டிப் பார்த்தது நல்லது. தட்டறப்ப மொத்துனு மந்தமா கேட்டாலோ, தூள் கொட்டினாலோதான் கவலைப்படணும்.

பழைய_ஸ்பானர்

டிக் டிக் எண்டுறது ஹைட்ராலிக் லாஷ் அட்ஜஸ்டர். 16 வால்வு, 16 அட்ஜஸ்டர். ஒவ்வொண்டும் எஞ்சின் ஒயில் அழுத்தத்தில நிரம்பி, வால்வுக்கும் கேமுக்கும் இடையில இருக்கிற இடைவெளியைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒயில் போற துளை கசடில அடைபட்டால், நிரம்பச் சுணங்கும், அதுவரைக்கும் தட்டும். சூடாகின பிறகு நிண்டால் எஞ்சினுக்கு ஆபத்தில்லை. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுற வண்டியில இன்னும் அதிகமாக் கேக்கும்.

மருந்து: நல்ல ஒயில், புது ஃபில்டர், பிறகு மோட்டர்வேயில நல்லாச் சூடாகும்வரை ஓட்டம். மூண்டரை லிட்டருக்குக் கிட்டப் பிடிக்கும். ரெண்டு மூண்டு தடவை கெதியாக் கெதியா ஒயில் மாத்தினால் கனக்க வண்டியில சத்தம் அடங்கியிருக்கு. ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழ, கை நுழையாத இடத்தில இருக்கு. கீழ இருந்து, முன் டயரைத் திருப்பிவிட்டு, கையை மேல விடுங்கோ. கழட்டேக்க ஒயில் கையில ஒழுகும், பழைய சட்டை போடுங்கோ.

சூடான பிறகும் தட்டினால், அல்லது சத்தம் கீழ இருந்து வந்தால் சொல்லுங்கோ. அது வேற கதை.

டர்போ_தம்பி

5டபிள்யூ-30 ஊத்தறதா, 10டபிள்யூ-40 ஊத்தறதா? இதுல சண்டை போடாம ஒரு பதில் சொல்லுங்க பார்ப்போம்.

பழைய_ஸ்பானர்

ரெண்டும் ஓடும். குளிர் நாட்டில விடியக் காலமை ஒயில் கெதியா மேல போகவேணும், அதால நான் மெல்லிசுப் பக்கம்.

நாலாம்_கியர்

எனக்கு 10டபிள்யூ-40ல சத்தம் கம்மி. சண்டை இல்ல, வேற எஞ்சின் வேற பழக்கம்.

ஆனா 1991 1.6னு பார்த்ததுமே கேக்கணும்னு நினைச்சேன்: அந்த வண்டி ஷார்ட் நோஸா, லாங் நோஸா? ஆரம்பகால 1.6ல கிராங்கோட, அதாவது எஞ்சினைச் சுத்தற முக்கியத் தண்டோட, முன்முனை குட்டையா இருக்கும், அதுதான் ஷார்ட் நோஸ். டைமிங் பெல்ட் மாத்த யாராவது கிராங்க் போல்ட்டைக் கழட்டிட்டு, திரும்பச் சரியான டார்க்ல (இறுக்க அளவுல) முடுக்காம விட்டா, புல்லியைக் கிராங்கோட பூட்டி வைக்கற சாவித்துண்டும் அதோட காடியும் தேய ஆரம்பிக்கும். புல்லி ஆடும், டைமிங் நழுவும், வண்டி இழுக்காது. கடைசியில கிராங்கே போயிடும். 1991 நடுவுலதான் நீளமான முனைக்கு மாத்தினாங்க, உங்க வண்டி ரெண்டுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம். முன்னாடி கீழ கிராங்க் புல்லியைப் பாருங்க. நாலு ஸ்லாட் இருந்தா குட்டை, எட்டு இருந்தா நீளம்.

புது_ரோட்ஸ்டர்

நாலு. நெஞ்சு படபடங்குது.

நாலாம்_கியர்

பயப்படாதீங்க. நாலு ஸ்லாட் வண்டிங்க நிறைய இன்னும் நல்லாவே ஓடுது. எஞ்சினை ஐடில்ல விட்டு, டார்ச் அடிச்சு மேலேருந்து புல்லியை உத்துப் பாருங்க. கை, துணி, கழுத்துல தொங்கறது எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. புல்லி நேரா சுத்தினா அதைத் தொடாதீங்க. தள்ளாடினா எஞ்சினை நிறுத்திடுங்க, ஓட்டாதீங்க. ஆரம்பத்துலயே பிடிச்சா, தேஞ்ச இடைவெளியை உலோகத்துக்குன்னே இருக்கற லொக்டைட் பசையால நிரப்பி, புதுச் சாவித்துண்டு, புது போல்ட் போட்டுக் காப்பாத்தினவங்க உண்டு.

பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு ரசீது இருக்கா? 60,000 மைலுக்கு ஒரு தடவை. இந்த எஞ்சின்ல பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, வண்டி நடுரோட்டுல நிக்கும், அவ்ளோதான். பெல்ட் மாத்தக் கொடுக்கறப்ப அந்த போல்ட் கதையைக் கராஜ்ல வாயால சொல்லாதீங்க, எழுதிக் கொடுங்க.

புது_ரோட்ஸ்டர்

புல்லி நேராத்தான் சுத்துது, ரெண்டு பேர் பார்த்தாச்சு. ரசீதுல பெல்ட் மாத்தி ரொம்ப மைல் ஆகல.

ஒயில் மாத்தினேன். சத்தம் பாதியா குறைஞ்சிருக்கு. ஆனா ஐடில் இப்ப 1,200ல நிக்குது. த்ராட்டில் பக்கத்துல இருக்கற ஸ்க்ரூவைத் திருகட்டுமா?

பழைய_ஸ்பானர்

சும்மா திருகாதேங்கோ. கம்ப்யூட்டர் உங்களுக்கு எதிராத் திருப்பிச் சரிசெய்யும். போனட்டுக்குள்ள டயக்னாஸ்டிக் எண்டு மூடியோட சின்னப் பெட்டி இருக்கு, மூடிக்கு உள்பக்கம் துளைகளின்ர பேர் எழுதியிருக்கும். எஞ்சின் நல்லாச் சூடாகி, விசிறி, லைட், ஏசி எல்லாம் நிப்பாட்டி, டென் துளையையும் ஜிஎன்டி துளையையும் ஒரு வயர்த்துண்டால இணைச்சுவிடுங்கோ. துளையை மாறிக் குத்தாதேங்கோ. இப்ப ஸ்க்ரூவைத் திருப்பி 850க்குக் கொண்டு வாங்கோ. வயரை எடுத்துவிடுங்கோ. அதே இணைப்பில டைமிங் லைட் பிடிச்சால் 10 டிகிரி தெரியவேணும். சில ஆக்கள் 14க்கு ஏத்துவினம், நல்ல ஒக்டேன் பெற்றோல் அடிச்சால் மட்டும்.

அதுக்கு முதல் வேற ஒண்டு. ரேடியேட்டரின்ர மேல்தொட்டி பிளாஸ்டிக், புதுசில கறுப்பு. இப்ப என்ன நிறம்?

புது_ரோட்ஸ்டர்

பழுப்பு. கொஞ்சம் பச்சை கலந்த பழுப்பு.

பழைய_ஸ்பானர்

அப்ப ரேடியேட்டர் மாத்துங்கோ. அந்த நிறம் வந்தால் பிளாஸ்டிக் நொறுங்கப்போகுது எண்டு அர்த்தம். ஒருநாள் மோட்டர்வேயில ஹோஸ் வாயில கீறல் விழும், நீங்கள் வெப்பமுள்ளைப் பாக்கிறதுக்கு இடையில ஹெட் கேஸ்கெட் போயிடும். காயில்ஓவர் காசு அங்க போகட்டும்.

டர்போ_தம்பி

என் காயில்ஓவரைப் படிப்படியா கொலை பண்றீங்களே!

நாலாம்_கியர்

தம்பி, அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. இவரோட வண்டியில வீல் அலைன்மென்ட் சரிசெய்யற போல்ட்டுங்க, அதாவது கீழ்க்கை உள்முனையில இருக்கற எக்சென்ட்ரிக் போல்ட்டுங்க, புஷ்ஷோட (ரப்பர் மூட்டோட) உள்குழாய்ல துருப்பிடிச்சு ஒட்டியிருந்தா, எவ்வளவு விலைக்கு ஸ்பிரிங் போட்டாலும் கேம்பர், டோ (வீலோட சாய்வு, திசைக் கோணம்) எதையும் அசைக்க முடியாது. அலைன்மென்ட் கடையில ‘அட்ஜஸ்ட் ஆகமாட்டேங்குது’ன்னு திருப்பி அனுப்புவாங்க. இப்பவே ஊடுருவற எண்ணெய் அடிச்சு, கொஞ்ச நாள் விட்டு விட்டு அடிச்சு, அசையுதான்னு பாருங்க. அசையலேன்னா ரம்பம் போட்டு அறுத்து, புதுப் போல்ட்டும் புஷ்ஷும்.

ஹேண்ட்பிரேக் லீவர் ரொம்ப மேல வருதா? கேபிளை முடுக்காதீங்க. பின் காலிப்பரோட (பிரேக் பேடை டிஸ்க்ல அமுக்கற பாகத்தோட) முதுகுல 14 மில்லிமீட்டர் மூடி போல்ட் இருக்கும், அதைக் கழட்டினா உள்ள 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போற அட்ஜஸ்டர். பேட் டிஸ்கைப் பிடிக்கற வரைக்கும் வலப்பக்கமா திருப்பி, கால்வாசிக்கு மேல, மூணுல ஒரு பங்குச் சுத்து பின்னால விடுங்க. வீல் தடையில்லாமச் சுத்தணும். ஸ்லைடு பின்னைக் கழட்டி கிரீஸ் வைங்க, அது ஒட்டினாத்தான் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும்.

வண்டியைத் தூக்கறப்ப ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. ஸ்டாண்ட் வைங்க.

புது_ரோட்ஸ்டர்

ரேடியேட்டர் ஆர்டர் போட்டாச்சு. ஹெட்லைட் மட்டும் பாக்கி. ராத்திரி ஓட்டணும்.

பனிச்சாலை

லைட் பக்கத்துல மோட்டார் தலையில ஒரு ரப்பர் மூடி இருக்கும். கழட்டினா கையால சுத்தற திருகு. சாவியை எடுத்துட்டு, லைட்டை ஏத்தி இறக்கற ரிட்ராக்டர் ஃப்யூஸையும் எடுத்துட்டுச் சுத்துங்க, இல்லேன்னா மோட்டார் திடீர்னு கிளம்பி விரலைக் கடிச்சுடும். முழுசா மேல நிறுத்தி வச்சா ராத்திரிக்குப் போதும். ஒரு பக்கம் மட்டும் நிக்கறதால ஃப்யூஸ் சந்தேகம் இல்ல. இணைப்பான்ல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க, சுத்தம் பண்ணிட்டு மூட்டு இடங்களுக்குக் கிரீஸ் வைங்க. பல வண்டிக்கு அதுவே போதும்.

இன்னொண்ணு, குளிர் வருது. உங்க கூரையில பின்கண்ணாடி பிளாஸ்டிக்கா?

புது_ரோட்ஸ்டர்

ஆமா அக்கா, ஜிப் வச்சது.

பனிச்சாலை

அப்போ கூரையை இறக்கறதுக்கு முன்னாடி ஜிப்பைத் திறந்து பிளாஸ்டிக்கைத் தட்டையா படுக்க வைங்க, மடிப்பு விழக் கூடாது. உறைபனி காலையில இறக்கவே இறக்காதீங்க, விறைச்ச பிளாஸ்டிக் மடிக்கற இடத்துல கீறிடும். டயர் பிரஷர் 26 பிஎஸ்ஐ, நாலுக்கும். பெட்ரோல் பங்க்ல இருக்கறவங்க 32 அடிச்சு விட்டுடுவாங்க, ஈரத்துல வண்டி வழுக்கும். மாத்த வேண்டியிருந்தா 185/60 ஆர்14தான் ஒரிஜினல் அளவு.